குளிரில் ஏடிவி வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய ஏடிவி, அதாவது கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி. வெயில் காலத்தில் பட்டனைத் தொட்டாலே கிளம்பிவிடும். குளிர் மைனஸ் 10 டிகிரிக்குப் போனால் போதும், பாடாய்ப் படுத்துகிறது.

சோக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு) முழுதாக இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல்தான் ஸ்டார்ட் செய்கிறேன். (சோக் போட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சோக் சரியாக வேலை செய்யாது என்பது தெரியாமல் போன வருடம் முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தேன்!) நான்காவது முயற்சியில் உயிர் வருகிறது. சோக்கைப் பாதி தள்ளியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. சரி என்று பத்து நிமிடம் சோக்கிலேயே ஓடவிட்டேன். நிற்கவில்லை, ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மை பூசியது போலக் கரி.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் ஸ்டார்ட்டர் மோட்டார் சோம்பலாகத்தான் சுற்றுகிறது. ஆயில் 10டபிள்யூ-40. குளிரில் அது கெட்டியாகிவிடுவதால், குளிரில் இன்னும் இளகலாக இருக்கும் 5டபிள்யூ-40 ஊற்றலாமா? கையேட்டில் இரண்டுமே இருக்கிறது.

சோக்கைத் தள்ளியதும் நிற்பதால் பைலட் ஜெட்டில் (ஆக்சிலரேட்டர் தொடாதபோது பெட்ரோல் போகும் கார்புரேட்டரின் சின்னத் துளை) அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம். கார்புரேட்டரைப் பிரிக்காமல் அதை உறுதி செய்ய வழி உண்டா? அப்புறம், ஸ்டார்ட் ஆனபின் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துச் சூடாக்குகிறீர்கள்? ஓரிரு நிமிடத்தில் மெதுவாக ஓட்டத் தொடங்கினால் எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட்டும் சேர்ந்து சூடாகும் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.