ட்லிச்சோ அரசின் அதிகாரம் எதுவரை?

நீரோட்டம் கேட்டது:

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில் வாழும் ட்லிச்சோ மக்கள், 2005 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் வழியாகச் சொந்த அரசையும் ஏறத்தாழ 39,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் கூட்டு உரிமையையும் பெற்றார்கள். மண்ணுக்கு அடியிலுள்ள கனிமங்களும் அவ்வுரிமையில் அடங்கும் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அம்மக்களின் உணவும் வழக்கமும் சார்ந்திருக்கும் பாதர்ஸ்ட் கரிபூ மான் மந்தை, 1980களின் நடுவில் 4.5 லட்சத்துக்கு மேல் இருந்தது, 2018இல் சுமார் 8,200 ஆகச் சுருங்கிவிட்டது. நிலம் கைக்கு வந்த பின்னும் இப்படி என்றால், அந்த அரசுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது?

கருங்கல் எழுதியது:

வருத்தம் நியாயமானது, ஆயினும் காலவரிசையைக் கவனியுங்கள். ஒப்பந்தத்துக்கு மறு ஆண்டான 2006லேயே மந்தை சுமார் 1,28,000 ஆகக் குறைந்திருந்தது. புதிய அரசின் கைக்கு வந்ததே சரிந்துகொண்டிருந்த மந்தைதான்.

அடுத்து, சொந்த நிலம் வேறு, அதைச் சூழ்ந்த வெக்கேஜி என்னும் விரிந்த பரப்பு வேறு. சொந்த நிலத்தில் ட்லிச்சோ அரசே சட்டம் இயற்றலாம். வெக்கேஜியிலோ நிலம், நீர், காட்டுயிர் பற்றிய முடிவுகள் வாரியங்களின் வழியே நடக்கின்றன. உறுப்பினர்களில் பாதிப்பேரை ட்லிச்சோ அரசு நியமிக்கிறது. எகாட்டி, டயாவிக் வைரச் சுரங்கங்கள் அந்த வெளிப்பரப்பில்தான் இருக்கின்றன. அங்கே அவர்களுக்கு வலுவான குரல் உண்டு, தனித்த தீர்ப்புரிமை இல்லை.

2016இல் காட்டுயிர் வாரியம் இம்மந்தைக்கான வேட்டை அளவைச் சுழியமாக்கியது. தலைமுறைகளாகக் கரிபூவை நம்பி வாழ்ந்தவர்களின் அரசே வேட்டையை நிறுத்தும் திட்டத்தை முன்வைப்பதில் பங்கேற்றது. ஒரு சமூகம் தன் அடுப்பைத் தானே கட்டுப்படுத்திக்கொண்ட அந்தச் செயலையே நான் அதிகாரத்தின் முதிர்ந்த வடிவமாகக் கருதுகிறேன்.

செங்குன்றம் எழுதியது:

நில உரிமைச் சிக்கல் தீராமலேயே பொறுப்பை ஏற்றவர்களும் உண்டு. கனடாவின் மேற்குக் கடற்கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்களும் கனடா அரசும், அங்குள்ள குவாய் ஹானாஸ் பகுதிக்கான 1993 ஒப்பந்தத்தில், நிலம் யாருடையது என்ற தங்கள் மாறுபட்ட நிலைப்பாடுகளை அருகருகே எழுதிவைத்து, நிர்வாகத்தைச் சம எண்ணிக்கையிலான உறுப்பினர்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தனர்.

பணத்தையும் மறக்கக் கூடாது. 1970 வாக்கில் தங்கள் நிலத்தில் தேசியப் பூங்கா அமைவதை ஏற்க மறுத்த, வடமேற்கு நிலப்பகுதிகளின் லுட்செல் கே தேனே மக்கள், 2019இல் தங்கள் நிபந்தனைகளோடு தைடெனே நெனே பாதுகாப்புப் பகுதியை நிறுவினார்கள். பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்கு 3 கோடி கனடிய டாலர் அறக்கட்டளை நிதி இருக்கிறது. பாதியைக் கனடா அரசு தந்தது, மறுபாதி நன்கொடையாகத் திரட்டப்பட்டது. இப்படி நிலையான நிதி இல்லாமல் ஆண்டுதோறும் மானியத்துக்குக் கையேந்தினால், நிலத்தைக் கண்காணிக்கும் உள்ளூர்க் காவலர் படை நீண்டகாலத் திட்டம் எதையும் வகுக்க இயலாது.

நீரோட்டம் எழுதியது:

நன்றி. வேட்டையை நிறுத்தினால் இளையோர் மந்தையோடு உள்ள உறவையே இழந்துவிட மாட்டார்களா?

கருங்கல் எழுதியது:

அந்த அச்சம் அவர்களுக்கும் இருந்தது. 2016 முதல் மூத்தோரும் இளையோரும் கோடையில் காண்ட்வொய்ட்டோ ஏரிக்கரையில் முகாமிட்டு, சுடாமல் மந்தையைப் பின்தொடர்கிறார்கள். கன்றுகள் எத்தனை, நடை எப்படி, ஓநாய் வந்ததா, கொசு எவ்வளவு, புல் எப்படி முளைத்திருக்கிறது என்று வேட்டைக்காரரின் கண்ணோடு பார்த்துப் பதிவுசெய்கிறார்கள். விமானத்திலிருந்து எடுக்கும் கணக்கு எண்ணிக்கையைத் தரும். மான் ஏன் நொண்டுகிறது என்பதைத் தராது.

கன்று ஈனும் நிலமும் அந்த ஏரியின் பெரும்பகுதியும் அண்டை நிலப்பகுதியான நுனாவுட்டின் எல்லைக்குள் இருக்கின்றன. ட்லிச்சோ அரசின் சட்டம் அங்கே செல்லாது. காவலிருக்க மட்டும் ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் அங்கே போகிறார்கள்.