பேனர் வாசகம், அஞ்சு மணிக்குள்ள

செல்வம் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். கும்பாபிஷேக பேனர் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும், பேனர் கடை மொதலாளி தவுக்கே நாளைக்கு கடை மூடுறான். நம்ம குடும்ப உபயத்துக்கு மேல ஒரு வரி யோசிச்சு வச்சிருக்கேன். "பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த முதல் ஒலி ஓம் - நாசா உறுதி". எப்படி

குமார் மாமா: 👍

லோகா அக்கா: இது எங்கேருந்து வந்துச்சு சித்தப்பா

செல்வம் சித்தப்பா: நம்ம குடியிருப்பு தாமான் வாட்ஸ்அப் குரூப்ல. நாலு பேர் அனுப்பிட்டாங்க

ஜெயா அத்தை: என் பேர யாராச்சும் ஒரு தடவ பாத்துட்டு அனுப்புங்க. அவ்ளோதான் சொல்வேன்

லோகா அக்கா: ஆரம்பிச்சாச்சு 😬

ரவி: சித்தப்பா அத மட்டும் போடாதீங்க. நாசா அப்படி எதையும் உறுதி பண்ணல

செல்வம் சித்தப்பா: நீ சாமியே இல்லன்னு சொல்ற ஆளு

ரவி: நான் எப்ப சொன்னேன். சத்தம் இருந்துச்சு, அது நிஜம். மொத 3 லட்சத்து 80 ஆயிரம் வருஷம் பிரபஞ்சம் பூரா கொதிக்கிற கஞ்சி மாதிரி, எலெக்ட்ரான் புரோட்டான் ஒளி எல்லாம் பிரிக்க முடியாம கலந்து கெடந்துச்சு, எங்க கொஞ்சம் அடர்த்தி ஜாஸ்தியோ அங்க ஈர்ப்பு உள்ள இழுக்கும், ஒளியோட அழுத்தம் வெளிய தள்ளும், இப்படி இழுத்து தள்ளி இழுத்து தள்ளி அலையா கெளம்பிடுச்சு. அலைன்னா சத்தம்தானே, ஒளி வேகத்துல பாதிக்கு மேல ஓடுன சத்தம். ஆனா காதுக்கு கேக்குற சமாச்சாரம் இல்ல, ஒரு அலையோட நீளமே லட்சக்கணக்கான ஒளியாண்டு. ஓம்னு எப்படி கேக்கும்

வாணி: அண்ணா மூச்சு வாங்கிக்கோங்க

குமார் மாமா: கஞ்சின்னதும் ஞாபகம் வந்துச்சு. அன்னதானத்துக்கு அரிசி எத்தன மூட்டை மச்சான்

செல்வம் சித்தப்பா: 6

ஜெயா அத்தை: 6 பத்தாது. போன தடவ ரெண்டு மணிக்கே சட்டி காலி, கிள்ளான்லேர்ந்து வந்தவங்க வெறும் மோர் குடிச்சிட்டு போனாங்க

செல்வம் சித்தப்பா: ரவி நீ என்ன அப்ப கூட இருந்தியா. பாத்த மாதிரி பேசுற

ரவி: அப்ப கெளம்புன ஒளி இன்னும் நம்ம மேல விழுந்துகிட்டேதான் இருக்கு. பழைய டிவில ஸ்டேஷன் இல்லாதப்ப புள்ளி புள்ளியா கொசகொசன்னு ஓடுமே, அதுல நூத்துல ஒரு பங்கு அதான்

குமார் மாமா: எங்க மாமா ஆண்டெனாவ புடிச்சிகிட்டு கூரை மேல நின்னு "தெரியுதா தெரியுதா"ன்னு கத்துவாரு 😂

வாணி: நான் பாத்ததே இல்ல

லோகா அக்கா: 2019ல அனலாக்க மூடிட்டாங்க, நீ எங்க பாக்கப் போற. ரவி அந்த அடர்த்தி வித்தியாசம் மொதல்ல எப்படி வந்துச்சு? எல்லாம் ஒரே கஞ்சின்ன

ரவி: அதான் கேள்வியே அக்கா. பொறந்த ஒடனே, ஒரு நொடிய கோடி கோடி பங்கு போட்டாலும் அதவிட கம்மி நேரத்துல பிரபஞ்சம் திடீர்னு ஊதிப் பெருத்துச்சுன்னு 1981ல ஆலன் கூத் எழுதுனாரு. குட்டியூண்டு அளவுல எதுவும் சும்மா இருக்காது, குவாண்டம் நடுக்கம் இருந்துகிட்டே இருக்கும். அந்த நடுக்கம்தான் இழுபட்டு பெருசாயி மேடு பள்ளமா நின்னுச்சுன்னு அதே வருஷம் முக்கானோவ் சிபிசோவ்னு ரெண்டு ரஷ்யக்காரங்க கணக்கு போட்டுட்டாங்க. ஊதுனத இன்னும் யாரும் நேரா நிரூபிக்கல, ஆனா கணக்கு நல்லா பொருந்துது. வித்தியாசம் எவ்ளோ தெரியுமா, லட்ச வெள்ளியில ஒரு வெள்ளி. 1992ல கோபி கண்டுபிடிச்சுச்சு

குமார் மாமா: எந்த கோபி. எஸ்டேட் கணக்கப்புள்ள கிராணி மவனா

ரவி: செயற்கைக்கோள் மாமா

ஜெயா அத்தை: லட்சத்துல ஒரு வெள்ளியா. 2013 கோயில் கணக்கு அதவிட ஜாஸ்தி இடிச்சுச்சு

செல்வம் சித்தப்பா: ஜெயா எதுவா இருந்தாலும் நேரா பேசு

செல்வம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லோகா அக்கா: நான் படிச்சிட்டேன்

ஜெயா அத்தை: நானும் படிச்சிட்டேன் அண்ணே

பாட்டி: வாணி டைப் பண்றேன். அந்த சத்தம் அப்புறம் என்னாச்சுன்னு பாட்டி கேக்குறாங்க

ரவி: பாட்டி!! பிரபஞ்சம் விரிஞ்சு ஆறி சுமார் 3000 டிகிரிக்கு வந்ததும் எலெக்ட்ரான் எல்லாம் அணுவுல போயி ஒட்டிக்கிச்சு, ஒளி நழுவி வெளிய ஓடிருச்சு, தள்ள ஆள் இல்ல, அலை எங்க இருந்துச்சோ அங்கயே நின்னு போச்சு

பாட்டி: ரப்பர் பால் ஒறையிற மாதிரியான்னு கேக்குறாங்க. எஸ்டேட் பால் கொட்டாய்ல தகரத்துல ஆசிட் ஊத்துனா நுரைய ஒடனே வழிச்சிடணுமாம், விட்டா குமிழி அப்படியே ஒறஞ்சிடுமாம், காஞ்ச ஷீட்ட வெளிச்சத்துல தூக்கி பாத்தா வட்டம் வட்டமா தெரியுமாம், கிராணி அத ரெண்டாம் நம்பர்ல தள்ளி காச கொறச்சிடுவானாம். இப்பவும் கோவமா சொல்றாங்க

ரவி: பாட்டி அதேதான். 2005ல அமெரிக்காவுல வானத்த அளக்குற ஸ்லோன் சர்வேக்காரங்க பண்ணதும் அதான், 46 ஆயிரத்துக்கு மேல கேலக்ஸிய, அதாவது நம்ம பால்வீதி மாதிரி நட்சத்திரக் கூட்டத்த வச்சு ஷீட்ட தூக்கி பாத்தாங்க, வட்டம் இருந்துச்சு. ஒரு கேலக்ஸிலேர்ந்து சுமார் 50 கோடி ஒளியாண்டு தள்ளி பாத்தா இன்னொரு கேலக்ஸி இருக்க வாய்ப்பு கொஞ்சூண்டு ஜாஸ்தி. உறைஞ்ச சத்தத்தோட வட்டம் அது, பிரபஞ்சம் விரிஞ்சதுல அதுவும் கூடவே பெருசாயிருச்சு

குமார் மாமா: செம்பனை 30 அடிக்கு ஒண்ணு நடுற மாதிரியா

ரவி: அவ்ளோ வரிசையா இருக்காது மாமா, ஆயிரக்கணக்குல சேத்து எண்ணுனாதான் தெரியும்

லோகா அக்கா: லட்சத்துல ஒண்ணு எப்படி இவ்ளோ பெருசாகும்

ரவி: இருக்கிறவன்கிட்டதான் மேல மேல சேரும். டார்க் மேட்டர்னு கண்ணுக்கு தெரியாத பொருள் ஒண்ணு, நம்ம சாதா பொருள விட அஞ்சு மடங்கு இருக்கு, அது ஒளி தள்ளுனா மசியாது, அதனால முன்னாடியே குழி வெட்டி வச்சிருச்சு, அணு எல்லாம் அப்புறம் போயி அதுல விழுந்துச்சு. கோடி கோடி வருஷத்துல கேலக்ஸி எல்லாம் நூல் நூலா சேந்து நடுவுல பெரிய வெத்து எடம். ராத்திரி ஈப்போலேர்ந்து சுங்கை சிப்புட்டுக்கு வரும்போது பாருங்க, ரோட்டோரமா கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம், ரெண்டு பக்கமும் செம்பனை கும்மிருட்டு

வாணி: ஒரு சின்ன வித்தியாசம் பெருசாகும்னா நம்ம வீட்டுலயே இருக்கே. 2013 பேனர்ல ஒரு புள்ளி

லோகா அக்கா: வாணி வேணாம்

ஜெயா அத்தை: அவ சொல்லட்டும். ஜெயலடசுமின்னு போட்டு ஊரே பாத்துச்சு. எட்டு நாள் தொங்குச்சு

செல்வம் சித்தப்பா: தவுக்கேக்கு தமிழ் தெரியாது. அவன் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஒடஞ்சிடும். எத்தன தடவ சொல்றது

ஜெயா அத்தை: உங்களுக்கு தெரியும்ல அண்ணே

செல்வம் சித்தப்பா: சரி ரவி அப்ப நாசா சத்தமே போடலயா. யூடியூப்ல இருக்கே

ரவி: அது வேற. பெர்சியஸ்னு ஒரு கேலக்ஸி கூட்டம், 25 கோடி ஒளியாண்டு தூரம், நடுவுல இருக்கிற கருந்துளை சுத்தியுள்ள வாயுவ அதிர வைக்குது, நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழ. 2003ல சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி வச்சு கண்டுபிடிச்சாங்க, 2022ல ஸ்தாயிய ஏத்தி காதுக்கு கேக்குற மாதிரி போட்டாங்க

செல்வம் சித்தப்பா: சந்திராவா

ரவி: ஆமா சுப்ரமணியன் சந்திரசேகர் பேரு. 1983ல நோபல் வாங்குனாரே

செல்வம் சித்தப்பா: நம்ம ஆளு!!! இத ஏண்டா மொதல்லயே சொல்லல. "தமிழர் பெயர் தாங்கிய நாசா தொலைநோக்கி கேட்ட ஆதி ஒலி"

ரவி: அது ஆதி ஒலி இல்ல சித்தப்பா

லோகா அக்கா: பேசாம "குடும்பத்தார் உபயம்"னு மட்டும் போடுங்களேன்

குமார் மாமா: மணி 4.40

செல்வம் சித்தப்பா: அனுப்பிட்டேன்

ரவி: எத

லோகா அக்கா: எத சித்தப்பா

ஜெயா அத்தை: போட்டோ போடுங்க அண்ணே. புள்ளிய பாக்கணும்

வாணி: அப்பா மோட்டோ எடுத்துட்டு கெளம்பிட்டாரு. போன் வீட்டுல சார்ஜ்ல இருக்கு

குமார் மாமா: அரிசி 8ன்னு சொல்லிட்டேன்