சீவ் ஸ்கிரிப்டை ஜேசனாக்கித் திரும்ப எழுதினால் வடிகட்டல் மாறுகிறது, ஏன்?

கேள்வி:
டவ்காட் அஞ்சல் சர்வர், அதில் சீவை இயக்கும் பிஜன்ஹோல். சீவ் என்பது வரும் அஞ்சலை வடிகட்டும் விதிமொழி. பயனர்களின் சீவ் ஸ்கிரிப்டுகளைப் பைத்தானில் பார்ஸ் செய்து (கூறுகளாகப் பிரித்து) ஜேசன் என்ற தரவு வடிவில் வைக்கிறேன். அதிலிருந்து மறுபடி சீவ் எழுதுகிறேன். கம்பைல் சுத்தமாக முடிகிறது. ஆனால் தலைப்பில் *ஸ்பாம்* என்று முத்திரை விழுந்தவை மட்டும் போகவேண்டிய ஜங்க் ஃபோல்டருக்கு "ஆன்ட்டி ஸ்பாம் செட்டிங்" என்ற சாதாரணக் கடிதமும் போகிறது. இரண்டு ஃபோல்டரில் சேமிக்கும் விதியோ ஒன்றில் மட்டும் போடுகிறது.

பதில் 1:
முதல் கோளாறு பேக்ஸ்லாஷில். மேட்சஸ் என்ற சீவின் மாதிரி ஒப்பீட்டில் நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே பார்க்க, ஸ்கிரிப்டில் \\* என்று இருக்கும். பார்சர் மேற்கோளைப் பிரித்ததும் மதிப்பு \* ஆகிறது. அதை அப்படியே மேற்கோளுக்குள் எழுதினால், அடுத்த முறை படிக்கும்போது வெறும் * மிஞ்சும். அது எதற்கும் பொருந்தும் குறி. சீவின் தர ஆவணமான ஆர்எஃப்சி 5228 படி தேவையில்லாத பேக்ஸ்லாஷ் பிழையே அல்ல, சும்மா உதிர்ந்துவிடும். கம்பைலர் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். எழுதும்போது முதலில் ஒவ்வொரு \ குறியையும் \\ ஆக்குங்கள், பிறகு " குறியை \" ஆக்குங்கள். வரிசை மாறினால் வேறு வம்பு.

விடுமுறைப் பதில் போன்ற பலவரி உரையில் இந்த விதி கிடையாது. அங்கே பேக்ஸ்லாஷைத் தொடக்கூடாது. புள்ளியில் தொடங்கும் வரிக்கு முன்னால் இன்னொரு புள்ளி வேண்டும். இந்த இரட்டை வேலை வேண்டாமென்றால் எல்லாவற்றையும் மேற்கோள் உரையாகவே எழுதிவிடலாம், அதற்குள் வரி முறிவு செல்லும்.

பதில் 2:
இரண்டாவது, கட்டளைப் பெயரையே ஜேசன் சாவியாக வைத்திருப்பீர்கள். ஒரே தொகுதியில், ஃபோல்டரில் போடும் ஃபைல்இன்ட்டு கட்டளை இரண்டு முறை வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். கட்டளைகளை வரிசைப் பட்டியலாக வையுங்கள். இஃப், எல்சிஃப், எல்ஸ் மூன்றும் அடுத்தடுத்தே வரவேண்டும் என்பதற்கும் அதுதான் பாதுகாப்பு. 100கே போன்ற அளவை எண்ணாக்கினால் 1024ஆல் பெருக்குங்கள், 1000ஆல் அல்ல.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் விதிகளின் பெயர்கள் மட்டும் காணோம்.

பதில் 2:
அந்தப் பெயர்கள் # குறியிட்ட குறிப்புரையில்தான் இருக்கின்றன. உங்கள் பார்சர் குறிப்புரையைக் குப்பை என்று தள்ளுகிறது. இதில் பெயரைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று: முடக்கிய விதியை ரவுண்ட்கியூப் "இஃப் ஃபால்ஸ்" (ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனை) என்று எழுதி, அசல் நிபந்தனையை அதே வரியில் # குறிக்குப் பின் வைக்கிறது. அது போனால், பயனர் மறுபடி விதியை இயக்கும்போது நிபந்தனையே இருக்காது. குறிப்புரையையும் பார்சர் உருவாக்கும் மரத்தில் ஒரு கணுவாக, எந்த வரியில் இருந்தது என்பதோடு சேமியுங்கள்.

பதில் 1:
பழையதை மாற்றும் முன் புதிய ஸ்கிரிப்டைத் திரும்பப் பார்ஸ் செய்து, ஜேசனுக்கு முந்தைய மரத்தோடு ஒப்பிடுங்கள். ஜேசனையும் ஜேசனையும் ஒப்பிட்டால், அழிந்த ஃபைல்இன்ட்டு இரண்டிலுமே இருக்காது, பிழை தெரியாது. அதன்பின் நாலைந்து மாதிரி அஞ்சல்களை இரண்டு ஸ்கிரிப்டிலும் பிஜன்ஹோலின் சீவ்-டெஸ்ட் கருவி வழியே ஓட்டுங்கள். அது அஞ்சலைத் தொடாது, எந்த ஃபோல்டருக்குப் போகும் என்று மட்டும் சொல்லும்.