பென்டேனை மடக்கினால் அதே சேர்மம், பியூட்-2-ஈனில் மட்டும் ஏன் இரண்டு?

பெரியாற்று மாணவி
பத்தாம் வகுப்பு வரை வண்டிப்பெரியாற்றில் தமிழ்வழியில் படித்த நான், இப்போது பிளஸ் ஒன் வகுப்பில் கரிம வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். பென்டேனின் ஐந்து கார்பன்களை நேர்கோட்டில் வரைந்தாலும் ‘ட’ போல மடக்கி வரைந்தாலும் ஒரே சேர்மம்தான் என்கிறார்கள். ஆனால் நான்கு கார்பன்களின் நடுவே இரட்டைப் பிணைப்புள்ள பியூட்-2-ஈனில், இரு முனைகளிலுமுள்ள மெத்தில் தொகுதிகளும் ஒரே பக்கம் இருந்தால் ஒரு சேர்மம், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் வேறொரு சேர்மம் என்கிறார்கள். அணுக்கள் இணைந்துள்ள வரிசை இரண்டிலுமே மாறவில்லை. அப்படியிருக்க, ஓரிடத்தில் கணக்கில் வராத வடிவ வேறுபாடு மற்றோரிடத்தில் ஏன் கணக்கில் வருகிறது என்று மூத்தோர் விளக்க வேண்டுகிறேன்.

ஏலமலை ஆசிரியர்
ஒரே வாய்பாடும் வேறுவேறு அமைப்பும் கொண்ட சேர்மங்களான மாற்றியங்களைப் படிப்பவர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது. எந்தப் பிணைப்பையும் முறிக்காமல், அறை வெப்பநிலையில் ஒரு படம் மற்றொன்றாகத் திரும்புமா என்று பாருங்கள். திரும்பினால் இரண்டும் ஒரே சேர்மம்; திரும்பாவிட்டால் மாற்றியங்கள்.

ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திரும்ப மோலுக்கு ஏறத்தாழ 12 கிலோஜூல் போதும். பென்டேனிலும் இந்தத் தடை சிறியதே. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும்போதே அந்த ஆற்றல் கிடைத்துவிடுவதால், பென்டேன் மூலக்கூறு ஓயாமல் மடங்கியும் நிமிர்ந்தும் கொண்டிருக்கிறது. நீங்கள் வரைந்த ‘ட’ வடிவத்தை மட்டும் தனியே பிரித்து ஒரு குப்பியில் வைத்திருக்க எவராலும் இயலாது. இரட்டைப் பிணைப்பைத் திருப்புவதற்கோ அதிலுள்ள இரு பிணைப்புகளில் ஒன்றான பை பிணைப்பு முறிந்தாக வேண்டும். அதற்கு மோலுக்கு ஏறத்தாழ 260 கிலோஜூல் தேவை. அவ்வளவு ஆற்றல் அறை வெப்பநிலையில் கிடைப்பதில்லை. எனவே ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் கொதிக்கும் சிஸ் வடிவமும் (மெத்தில்கள் ஒரே பக்கம்), 1 பாகையில் கொதிக்கும் டிரான்ஸ் வடிவமும் (எதிரெதிர்ப் பக்கங்கள்) இருவேறு பொருள்களாகவே நிலைத்திருக்கின்றன.

களிமண் உருண்டைகளை ஈர்க்குகளால் இணைத்துச் செய்து பாருங்கள். இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு ஈர்க்குகளைச் செருகிய இடம் திரும்பாது. தாளில் வரைவதைவிட இதில் விரைவாகப் புரியும் என்பது என் உறுதியான கருத்து.

வண்டன்மேடு தோட்டக்காரர்
நம் மலையின் பொருள்களிலேயே இதற்குச் சான்று உண்டு. எலுமிச்சைப் புல்லிலிருந்து வடிக்கும் தைலத்திலுள்ள சிட்ரால் என்பது ஜெரானியல், நெரால் என்னும் இரண்டின் கலவை. இவை சிஸ், டிரான்ஸ் போன்ற இணையே. ஏலக்காய் எண்ணெயிலுள்ள சினியோல், லினலூல் இரண்டுக்கும் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்ற ஒரே வாய்பாடுதான். ஆனால் முன்னது ஈதர், பின்னது ஆல்கஹால். அங்கே அணுக்கள் இணையும் வரிசையே வேறு என்பதால், திரும்புமா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை.

பெரியாற்று மாணவி
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் பியூட்-1-ஈனிலும் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே; அதற்கு ஏன் சிஸ், டிரான்ஸ் என்று இரண்டு இல்லை?

ஏலமலை ஆசிரியர்
அதன் முனைக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன. அவற்றை இடம் மாற்றினாலும் அதே மூலக்கூறுதான் கிடைக்கும். இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் தனித்தனியே இருவேறு தொகுதிகள் இருந்தால் மட்டுமே இந்த மாற்றியம் உண்டாகும். ஆகவே 4 கார்பன், 8 ஹைட்ரஜன் கொண்ட ஆல்கீன்களை, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள சேர்மங்களை, எண்ணும்போது பியூட்-1-ஈன், பியூட்-2-ஈனின் இரு வடிவங்கள், 2-மெத்தில்புரோப்பீன் என நான்கு வரும். வளையச் சேர்மங்களான சைக்ளோபியூட்டேனையும் மெத்தில்சைக்ளோபுரோப்பேனையும் சேர்த்தால் மொத்தம் ஆறு.