நிக்கோலஸ் கேஜின் 'தி விக்கர் மேன்' (2006): பயப்பட வேண்டிய படமா, சிரிக்க வேண்டிய படமா?

தூக்கம்கெட்டவன்:

நேற்று ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, தனியாக, நல்லா பயந்து சாகலாம் என்ற ஆசையோடு இந்தப் படத்தைப் போட்டேன். தீவு, வெளியாட்களைச் சேர்க்காத ஒரு மதக்கூட்டம், காணாமல் போன சிறுமி, கடைசியில் நரபலி. இதைவிட என்ன வேண்டும்? இயக்குநர் நீல் லாபியூட் நாடக உலகில் பேர் வாங்கியவர், கேஜ் ஆஸ்கர் வாங்கியவர், கூட்டத்தின் தலைவியாக எலன் பர்ஸ்டின். இத்தனை பேர் சேர்ந்து எப்படி இப்படி ஒன்றை எடுத்தார்கள் என்றுதான் புரியவில்லை.

முதல் அரைமணி நேரம் ஏதோ பிடித்தது போல இருந்தது. அப்புறம் கேஜ் ஒரு டீச்சரிடம் துப்பாக்கியை நீட்டி சைக்கிளைப் பிடுங்குகிறார். எரிந்துபோன ஒரு பொம்மையைக் காட்டி, இது எப்படி எரிந்தது என்று தொண்டை கிழியக் கத்துகிறார், திரும்பவும் அதையே கத்துகிறார். பிறகு கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஓடி ஒரு பெண்ணை முஷ்டியால் குத்துகிறார். அங்கே நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு மனிதனை உயிரோடு எரிக்கப் போகிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, சிரித்துச் சிரித்து. இதை வேண்டுமென்றே காமெடியாக எடுத்தார்களா, கைதவறி அப்படி ஆகிவிட்டதா?

இன்னொன்று. எல்லோரும் தேனீ காட்சி, தேனீ காட்சி என்கிறார்கள். நான் பார்த்ததில் அது இல்லவே இல்லை. கடைசியில் பாரில் இரண்டு பெண்கள் புதிதாக இரண்டு ஆண்களை வளைப்பதோடு முடிந்தது. யாரோ வெட்டிவிட்டார்களா? இதன் பழைய படம் இதைவிடத் தேறுமா, இல்லை அதுவும் இப்படித்தானா?

கடைசிவரிசை:

நீங்கள் பார்த்தது தியேட்டருக்கு வந்த வடிவம். அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழோடு (பதிமூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்பது) விட்டதால் கேஜின் தலையில் கம்பிக்கூண்டை மாட்டி அதற்குள் தேனீக்களைக் கொட்டும் காட்சியும், காலை உடைக்கும் காட்சியும் அதில் கிடையாது. பிறகு டிவிடியில் சான்றிதழ் பெறாத ஒரு வடிவம் வந்தது, அதில்தான் தேனீ இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இன்று இந்தப் படத்தை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றால் தியேட்டரில் காட்டாத அந்த ஒரு நிமிடத்தால்தான்.

ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவு, உலகம் முழுவதும் சேர்த்துப் போட்டாலும் வசூல் அதைத் தொடவில்லை. மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரையானது. அதில் ஒன்று மோசமான ஜோடி: நிக்கோலஸ் கேஜும் அவருடைய கரடி உடையும்! ஐந்தில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை, அதிலும் தோல்விதான்.

என் கட்சி இதுதான்: கேஜ் வேண்டுமென்றேதான் காமெடி செய்தார். பத்துப் பேர் சேர்ந்து பாருங்கள், இதைவிட நல்ல காமெடி கிடைக்காது. தனியாக விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தது உங்கள் தப்பு.

பழையரீல்:

சிரிப்பு வந்தது உண்மைதான், நானும் சிரித்தேன். ஆனால் 1973-இல் ராபின் ஹார்டி எடுத்த மூலப்படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்று எரிச்சல் வரும். கேஜ் கத்துவதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. கதையில் தாங்கிக்கொண்டிருந்த தூணை உருவிவிட்டு மேலே அதே கூரையைப் போட்டிருக்கிறார்கள், அதுதான் கோளாறு.

பழைய படத்தில் வரும் போலீஸ்காரர் ஹோவி தீவிர கிறிஸ்தவர். திருமணத்துக்கு முன் பெண்ணைத் தொடக் கூடாது என்று இருப்பவர். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு, காணாமல் போன சிறுமியைத் தேடிப் போகிறார். அங்கே எல்லோரும் சூரியனையும் மரங்களையும் கும்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், வெட்கமில்லாமல் திரிகிறார்கள். அவருக்கு ஒவ்வொரு நாளும் அருவருப்பு ஏறுகிறது. அதாவது நம்பிக்கைக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் சண்டை. பார்க்கிற நமக்கு இரண்டு பக்கமும் முழுசாகச் சேர முடியாது, அந்தத் தவிப்புதான் படம்.

அவரை ஏன் பலிக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தானாக விரும்பி வந்தவன், அரசனின் அதிகாரத்தைச் சுமந்து வந்தவன், பிரம்மச்சாரி, முட்டாள். நாலும் பொருந்துகிறது. கடைசியில் ஊர்வலத்தில் ஒளிந்துகொள்ள அவர் எடுத்துப் போட்டுக்கொள்வது கோமாளி உடை. முட்டாள் வேஷத்தை அவரே தேடிப் போய் மாட்டிக்கொள்கிறார். இப்போது கரடியைப் பாருங்கள். கரடி ஏன்? யாருக்கும் தெரியாது. ஒரு உடை வேண்டும், கரடி கிடைத்தது, அவ்வளவுதான்.

அதிகார விஷயமும் அப்படியே. ஹோவிக்கு அந்தத் தீவு அவருடைய எல்லை, சட்டம் அவர் கையில் இருக்கிறது, அதனால்தான் அவர் அவர்களுக்குத் தேவைப்படுகிறார். கேஜ் கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைப் போலீஸ். தீவு இருப்பதோ வாஷிங்டன் மாநிலக் கரையோரம். அங்கே அவருக்கு ஒரு சைக்கிளைக்கூடக் கேட்டு வாங்க உரிமை இல்லை, அதனால்தான் பிடுங்குகிறார் போல. மதச்சண்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆண்களை அடக்கி வைக்கும் பெண்கள் என்று வைத்தார்கள். பெண்கள் தேனீ மாதிரி, ஆண்கள் வாய்பேசாத வேலையாட்கள், ராணித் தேனீ பர்ஸ்டின். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஜுக்கு நம்பிக்கை என்று ஒன்றுமே இல்லை. இருப்பது தேனீ ஒவ்வாமை மட்டும். ஒவ்வாமையை வைத்துக்கொண்டு எப்படி ஐயா வாதம் பண்ணுவது?

தூக்கம்கெட்டவன்:

ஒவ்வாமை 😀 சரிதான். ஆனால் பழைய படத்திலும் விளைச்சல் பொய்த்ததற்காகத்தானே பலி கொடுக்கிறார்கள்? அங்கே ஆப்பிள், இங்கே தேன். மற்றபடி அதே கதை போலத்தானே தெரிகிறது?

பழையரீல்:

கதைச்சுருக்கம் ஒன்றுதான். ஆனால் ஆப்பிள் விஷயத்தில் ஒரு விஷம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவின் 'பழைய மதம்' உண்மையில் பழையது அல்ல. தீவின் தலைவராக இருக்கும் பிரபுவின் தாத்தாதான் 1868-இல் தீவை வாங்கியவர், ஒரு விஞ்ஞானி. அந்த மண்ணில் தாங்கும் புதுவகை ஆப்பிளைக் கொண்டுவந்து நட்டவர், சோம்பிக் கிடந்த ஜனங்களை வேலைக்கு இழுக்கப் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொடுத்தார். முதலாளியின் வசதிக்காகச் செய்த மதம். அடுத்தடுத்த தலைமுறை அதை நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டது. நூறு வருஷத்தில் ஒரு தந்திரம் பக்தியாகி, பக்தி கொலையாகிறது. பேரனாக வரும் கிறிஸ்டோஃபர் லீ இதையெல்லாம் சிரித்த முகத்தோடு ஹோவியிடமே சொல்கிறார் (லீ இந்தப் படத்துக்குச் சம்பளம் வாங்காமல் நடித்தார்).

கடைசிக் காட்சியில் ஹோவி அவரிடம் ஒன்று சொல்வார். அடுத்த வருஷமும் விளைச்சல் பொய்த்தால் இந்த ஜனங்கள் கேட்கப்போவது உன் உயிரைத்தான் என்று. அந்த ஒரு நொடி லீயின் முகத்தைப் பாருங்கள். புதிய படத்திலும் கேஜ் ஏறக்குறைய அதே பக்கம்தான் வருகிறார், என்னைக் கொன்றால் உங்கள் தேன் திரும்பி வராது என்று. ஆனால் அதைக் கதறலாகக் கத்துகிறார், கேட்கிற யாருக்கும் உறைக்கவில்லை. அங்கே அது கத்தி, இங்கே இரைச்சல்.

மழைக்குருவி:

பழையரீல் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் எனக்கு இந்தப் படம் விழுந்த இடம் வேறு. தீவில் கால் வைத்த நிமிடத்திலிருந்து எல்லாப் பெண்களும் முறைக்கிறார்கள். சாக்குமூட்டைக்குள் ஏதோ துள்ளுகிறது, ரத்தம் சொட்டுகிறது, கேட்டால் கிண்டல் பதில். கொல்லப் போகிறோம் என்று பலகை மாட்டாத குறை. அப்படி இருந்தால் யார் ஐயா தங்குவார்கள்?

நிஜத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஜோன்ஸ்டவுனை நினைத்துப் பாருங்கள். ஜிம் ஜோன்ஸின் கூட்டம் கயானா காட்டுக்குள் இருந்த இடம். 1978 நவம்பர் 17 அன்று அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயன் விசாரிக்கப் போனார். அன்று ராத்திரி அவருக்கு வரவேற்பு, சாப்பாடு, இசை நிகழ்ச்சி. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில், எங்களை வெளியே கூட்டிப்போங்கள் என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டு, கூட வந்த பத்திரிகையாளர் ஒருவரின் கைக்கு வந்தது. மறுநாள் விமான ஓடுதளத்தில் ரயனைச் சுட்டுக் கொன்றார்கள், அன்றே 900 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். எனக்கு அந்தச் சாவு எண்ணிக்கையைவிட முதல்நாள் பாட்டுதான் வயிற்றைப் பிசையும்.

பழைய படத்துக்காரர்களுக்கு, ஜோன்ஸ்டவுனுக்கு ஐந்து வருஷம் முன்பே, இது புரிந்திருக்கிறது. அந்தத் தீவில் எல்லோரும் பாடுகிறார்கள், உபசரிக்கிறார்கள், ஹோவியை எரிக்கும்போதும் கைகோத்து அசைந்து பாடுகிறார்கள். 2006 படத்தில் பாட்டு கிட்டத்தட்ட இல்லை. பாட்டை எடுத்துவிட்டு முறைப்பை வைத்தார்கள், அங்கேயே முடிந்தது.

கடைசிவரிசைக்கு: வேண்டுமென்றே செய்த காமெடி என்று நீங்கள் நினைத்தால், கேஜுக்கு வரும் அந்த விபத்துக் கனவை எதற்கு அத்தனை தடவை, அத்தனை சோகமாகக் காட்டுகிறார்கள்? அவர் காப்பாற்ற முடியாமல் போன தாயும் மகளும், லாரி மோதல், தீ. சிரிக்க வைக்க நினைத்தவன் அதை எடுக்க மாட்டான்.

கடைசிவரிசை:

கேஜுக்குத் தெரிந்தே செய்தார் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். கரடிக்குள் இருக்கிற மனிதனுக்கு அது கரடி என்று தெரியாதா? இயக்குநர் சோகப்படம் எடுத்தார், கேஜ் தனியாக வேறு ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார், இரண்டையும் ஒரே ரீலில் ஓட்டிவிட்டார்கள். கனவுக் காட்சி வரும்போது நான் போனைப் பார்ப்பேன், அது தனி விஷயம்.

தூக்கம்கெட்டவன்:

நாலு நாள் கழித்து வருகிறேன். பழையதைப் பார்த்தேன், 2013-இல் சரிபண்ணி வெளியிட்ட பதிப்பு.

இரண்டிலும் பள்ளிக்கூடக் காட்சி இருக்கிறது, கவனித்தீர்களா? புதியதில் கேஜ் மேசை மூடியைத் திறந்தால் ஒரு காக்கை முகத்தில் அடித்துக்கொண்டு பறக்கும். நான் தூக்கிவாரிப்போட்டு, அடுத்த நிமிடமே மறந்துவிட்டேன். பழையதில் மேசைக்குள் ஓர் ஆணி, அதில் நூலால் கட்டிய ஒரு வண்டு. அது ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடக்கிறது, நடக்க நடக்க நூல் குறைகிறது, கடைசியில் ஆணியோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண் அதை ஏதோ விளையாட்டைச் சொல்வது போலச் சொல்கிறாள். அங்கே படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.

இதற்கு நடுவில் நண்பர்கள் கரடிப் படத்தைச் சேர்ந்து பார்க்கலாம் என்கிறார்கள். தேனீ இருக்கிற வடிவமாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.