புதுப்பிப்பு: ஐந்து மணி அலாரத்தை எடுத்துவிட்டேன்

"எனக்கென்று பத்து நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை" என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். விடியற்காலை ஐந்துக்கு எழுந்து நடக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். செய்து பார்த்தேன். நான்காம் நாள் மதிய மீட்டிங்கில் தூங்கி விழுந்தேன். சரி, அது நமக்கு ஒத்துவராது.

இப்போது மாலையில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னலிலேயே இறங்கிவிடுகிறேன். வீட்டுக்கு 20 நிமிட நடை, புழுதி இலவசம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளில் 100 தேறிவிடுகிறது. மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மகனோடு பந்து.

பெரிய மாற்றம் அடுக்களையில்தான். வந்ததும் போன் ஃப்ரிட்ஜ் மேலே போய்விடும். சின்னவள் சமையல் மேடையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். அரை மணி நேரத்தில் நாலு பல்தான் தேறும். ஆனால் வகுப்பில் யார் யாரோடு 'டூ' விட்டார்கள் என்ற கதையெல்லாம் அப்போதுதான் வருகிறது. முன்பெல்லாம் "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதோடு சரி.

அப்புறம், துணி மடிக்கும் வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். எல்லாம் கோணல்மாணல்தான். நான் பிரித்து மறுபடி மடிப்பதில்லை.