வெளியுறவுப் பணியிலிருந்து அரசியலுக்கு: ஜெய்சங்கர் எம்.பி. ஆகாமலேயே அமைச்சரானது எப்படி?

கேள்வி:
1977-ல் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி), பிறகு சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதர், 2015 முதல் 2018 வரை வெளியுறவுச் செயலர். 2019 மே 30-ல் அமைச்சராகப் பதவியேற்றபோது ஜெய்சங்கர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. இது சட்டப்படி எப்படிச் செல்லும்? பணியில் இருக்கும் ஓர் அதிகாரி இதே வழியில் போக முடியுமா?

பதில் 1:
அரசியலமைப்பின் 75(5): உறுப்பினர் அல்லாதவர் 6 மாதம் அமைச்சராக இருக்கலாம். அதற்குள் ஜெயிக்காவிட்டால் பதவி போய்விடும். ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்று இன்னொரு 6 மாதம் ஓட்டும் தந்திரத்தை 2001-ல் எஸ்.ஆர். சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஜெய்சங்கர் 2019 ஜூலை 5-ல் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்கு வந்தார். அந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003-லேயே நீக்கப்பட்டதால் சிக்கல் இல்லை.

பதில் 2:
சுவாரஸ்யமே அந்தத் தேர்தலில்தான். அமித் ஷாவும் ஸ்மிருதி இரானியும் மக்களவைக்குப் போனதால் குஜராத்தின் மாநிலங்களவை இடங்களில் காலியானவை 2. ஒரே தேர்தலாக நடந்திருந்தால் மாநில எம்.எல்.ஏ.க்களின் வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தாலே ஓர் இடம். காங்கிரஸுக்கு அது இருந்தது. தனித்தனி இடைத்தேர்தலாக நடத்தியதால் ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் வாக்கு தேவைப்பட்டது, பெரும்பான்மைக் கட்சிக்கே இரண்டும். காங்கிரஸ் உச்ச நீதிமன்றம் போனது, நீதிமன்றம் தலையிடவில்லை.

பதில் 3:
கேள்வியின் இரண்டாம் பாதிக்கு: பணியில் இருந்துகொண்டு கட்சியில் சேரவே கூடாது, நடத்தை விதிகள் தடுக்கின்றன. முதலில் வெளியே வர வேண்டும். எப்படி வருகிறார் என்பதில்தான் பணம் இருக்கிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் வெறும் ராஜினாமா கொடுத்தால் பணிக்காலம் முழுதும் கணக்கில் வராமல் ஓய்வூதியம் போய்விடும். 20 வருடத் தகுதிப் பணி முடித்து, 3 மாத நோட்டீஸுடன் விருப்ப ஓய்வு கேட்பதே புத்திசாலித்தனம். விசாரணை நிலுவையில் இருந்தால் மறுக்கப்படலாம். பணியிலிருந்து விடுபடும் முன்பே வேட்புமனு போட்டால் ஆதாயப் பதவி (அரசுச் சம்பளம் வாங்கும் பதவி) வகிக்கிறார் என்று பரிசீலனையில் தள்ளிவிடுவார்கள்.

அரசுக் குடியிருப்பில் இருந்தவர் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு ‘பாக்கி இல்லை’ சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். 2024-ல் மேற்கு வங்கத்தின் பீர்பூமில் ஒரு முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரியின் வேட்புமனு அது இல்லாமல்தான் தள்ளுபடியானது.

பதில் 4:
வெளியுறவுப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்த பழைய உதாரணங்கள்: கே.ஆர். நாராயணன், 1984-ல் ஒற்றப்பாலம். 1963-ல் பணியில் சேர்ந்து 1989-ல் விலகிய மணிசங்கர் ஐயர், 1991-ல் மயிலாடுதுறை. இவர்கள் மக்களவைக்கு நேராக நின்று ஜெயித்தவர்கள். ஓட்டுக் கேட்டு வருவது கடினமான பாதை, ஆனால் இடைத்தேர்தல் கணக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை.